ஸ்பீக்கரக்காவின் இறக்கையில் ஓர் ஒட்டு

மீன் ஏலக் கூடத்தில் அவள் விலை கூற ஆரம்பித்தால் வாசலில் ஐஸ் உடைப்பவர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். உடைத்தாலும் அந்தச் சத்தம் எடுபடாது. அப்படியொரு குரல். மைக் வாங்கித் தரட்டுமா என்று வியாபாரிகள் ஒருமுறை கேட்டதற்கு, "பாவம், அது தாங்குமா?" என்றாளாம். அன்றிலிருந்து அவள் ஸ்பீக்கரக்கா. அப்பேர்ப்பட்டவள், பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே கிழிந்துபோகிற பொம்மை விமானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? கேட்டவர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்ததற்குக் காரணம் அவளுடைய ஓரகத்திதான். கொழுந்தன் மனைவி, அதே வீட்டில் மாடியில் குடியிருப்பவள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். அந்தச் சின்னவள் ஞாயிறானால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். துவைக்கிற வேலை முழுக்கப் பெரியவள் தலையில். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள். சின்னவள் நுழைந்தது ஒரு விளையாட்டு அரங்கம். கதவெல்லாம் சாத்தி, மின்விசிறிகளை அணைத்து, கொஞ்சம் பேர் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்கு மேலே, எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் தெரியுமே, அந்த வண்ணங்களோடு ஒரு விமானம் நடையைவிட மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவள் கொண்டுபோன சண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது. யாரும் அதட்டாமலே அவள் வாயை மூடிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுவாரமே தானும் ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டாள். ஈர்க்குச்சியைவிட மெல்லிய பால்சா மரக் குச்சிகளில் சட்டம். இறக்கை ஒரு முழத்துக்கு மேல் நீளம், ஆனால் மொத்த விமானமும் காகிதம் கோக்கிற இரண்டு கிளிப்பின் கனம்கூட இருக்காது. இழுக்க இன்ஜின் கிடையாது, முறுக்கிய ரப்பர்தான். இறக்கைக்குப் போர்வை, கடையில் வாங்குகிற காகிதமும் இல்லை. தொட்டித் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி லாக்கர் வார்னிஷை ஊற்றினால் அது பரவிப் படலமாக நிற்கும். அதைக் கம்பி வளையத்தால் அலுங்காமல் தூக்கிக் காயவைத்து, சட்டத்தில் ஒட்ட வேண்டும். குளியலறையை அவள் நாள்கணக்கில் அடைத்துக்கொள்ள, வீட்டுக்காரர் துண்டும் தோளுமாக வெளியே நின்று தவம் கிடந்தார்.

படலம் கிழியாமல் இருந்ததா என்று கேட்கக் கூடாது. கை பட்டால் கிழியும், கதவைத் திறந்தால் கிழியும். அதனால் பறக்கவிடக் கற்றதைவிட ஒட்டுப்போடத்தான் அவள் அதிகம் கற்றாள். மெல்லிய பிரஷ்ஷை நாக்கில் நனைத்து, கிழிசலைச் சுற்றி எச்சிலால் ஒரு கோடு. அதன்மேல் வளையத்தில் இருக்கும் புதுப் படலத்தை இறக்கினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைச் சூடான கம்பியால் சுற்றி அறுத்துவிட வேண்டியதுதான். தண்ணீர் தடவினால் முத்து முத்தாக நின்றுவிடும், பசை தடவினால் கனம் ஏறிவிடும். இந்த வேலைக்கு எச்சிலை அடித்துக்கொள்ள இன்னொன்று கிடையாது.

இத்தனை கற்றும் போட்டி என்று வந்தால் சின்னவள்தான் முதல். வீட்டு முன்னறை அலமாரியில் கோப்பைகள் வரிசை கட்டி நின்றன, ஒன்றுகூடப் பெரியவளுடையது இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுச் சின்னவளைப் பாராட்ட, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் ஊற்றுவாள். அந்த அலமாரியில் தன் பேருக்கு ஒரே ஒரு கோப்பை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அந்த வருடப் போட்டியில் சின்னவளின் விமானம் பதினெட்டு நிமிடம் பறந்துவிட்டது. ஸ்பீக்கரக்காவுக்குக் கடைசி முறை பாக்கி. முதல்நாள் ஒத்திகையில் அவளுடையது இருபதைத் தொட்டிருந்ததால் இன்று விட்டால் பிடித்துவிடலாம். மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டே அடிமேல் அடி வைத்து நடந்தாள். ஸ்டாண்டில் பத்திரமாக வைத்தாள். வைத்த நிம்மதியில், "அப்பாடா!" என்று அடக்கிய மூச்சையெல்லாம் அதன்மேலேயே விட்டாள்.

இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடது இறக்கை கிழிந்துபோனது.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷத்துல விட்டாகணும்" என்றார் கடிகாரத்தோடு நின்ற நடுவர்.

வீட்டுக்காரரிடம் ரப்பரை முறுக்கச் சொல்லிவிட்டு அவள் பிரஷ்ஷை வாயில் வைத்தாள். போனது போலவே காய்ந்து வந்தது. பதற்றத்தில் வாய் பாலைவனம். காலையில் ஏலம் போட்ட வாய் வேறு. எலுமிச்சம்பழத்தை நினைத்துப் பார்த்தாள். நினைப்பில்கூட அது காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு முயன்றாள். வந்தது வெறும் தண்ணீர், படலத்தில் உருண்டு ஓடியது.

"நான் தரட்டுமா?" என்று எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். அவருக்கு ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க ஒரு தும்மல் போட்டா மத்த இறக்கையும் காலி. தள்ளிப் போய் முறுக்குங்க!"

அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு பிரஷ்ஷை வாங்கியது. சின்னவள். அதை வாயில் வைத்துச் சுழற்றி, நுனியைக் கூராக்கி நீட்டினாள். பெரியவள் வாங்கவில்லை. எத்தனை நாள் ஆசை! கடைசியில் இவள் எச்சிலிலா ஜெயிக்க வேண்டும்? நாளைக்கு இதையும் சொல்லிக் காட்டுவாளோ? அவமானமும் ஆசையும் நெஞ்சில் முட்டி மோதின.

"சீக்கிரம்க்கா, காஞ்சிடப் போகுது."

வாங்கிவிட்டாள். கிழிசலைச் சுற்றிக் கோடு போட்டாள். கோடு பாதியில் காய, சின்னவள் மறுபடி நனைத்துத் தந்தாள். இவள் தடவ, அவள் வளையத்தை இறக்க, படலம் பிடித்துக்கொண்டது. சூடான கம்பி ஒரு சுற்று வந்தது. ரப்பரை மாட்டினார்கள். நேரம் முடிந்தது என்று நடுவர் கையைத் தூக்குவதற்குள் விமானம் அவள் விரலை விட்டுக் கிளம்பிவிட்டது!

ஏறியது. ப்ரொபெல்லர் சோம்பலாகச் சுற்ற, வட்டம் வட்டமாக ஏறிக்கொண்டே போனது. ஒட்டுப்போட்ட இடம் திரும்பும்போதெல்லாம் மின்னியது. கூரைச் சட்டத்தில் மூக்கு இடித்து அப்படியே நின்றபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, பின்னால் சரிந்து, விழப்போய், சமாளித்து, மறுபடி வட்டத்தைப் பிடித்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஆளுயரத்துக்கு வந்தபோது நடுவர் சத்தமில்லாமல் கட்டைவிரலை உயர்த்தினார். பதினெட்டு தாண்டிவிட்டது!

அவள் வாயைத் திறந்தாள். கத்துவதற்கு முன் ஒரு உள்ளங்கை வந்து பொத்தியது. விமானம் இன்னும் காற்றில் அல்லவா இருக்கிறது! அரங்கமே குதித்தது, கைகளை ஆட்டியது, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டது, எல்லாம் ஊமைக்கூத்து. தன் வாயைப் பொத்தியிருப்பது யார் என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தோற்றுக்கொண்டிருப்பவளின் கை அது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டி அந்த விரல்களின்மேல் வழிந்தது. சின்னவள் கையை எடுக்கவில்லை.

விமானம் இடுப்புயரம் வந்தது, முழங்கால் உயரம் வந்தது, அவர்கள் காலடியிலேயே வந்து தரையைத் தொட்டது.

"இப்ப கத்துங்கக்கா" என்று கையை எடுத்தாள் சின்னவள்.

ஸ்பீக்கரக்கா குனிந்து, விமானத்தைப் பார்த்து, இத்தனை வருட ஆசையையும் சேர்த்துக் கத்தினாள். இறக்கைப் படலம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிய்ந்து நார்நாராகத் தொங்கியது. ஒட்டுப்போட்ட துண்டு மட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

சின்னவள் உட்கார்ந்து அதை உற்றுப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு பரவியது.

"அக்கா, என்னோடது கிழியல."

"அடிப்பாவி!" ஸ்பீக்கரக்கா அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு, அரங்கம் அதிரச் சொன்னாள்: "கோப்பை எனக்கு. ஆனா இதுலயும் நீதாண்டி ஜெயிச்சே!"