பேத்துப்பாறைக்கு ஓடிய இஸ்ரவேல்

எங்கள் மாமாவைக் கோபக்காரர் என்று யாராவது சொன்னால், தனக்கு இருப்பது கோபம் அல்ல, வைராக்கியம் என்று திருத்துவார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். கோபம் என்றால் சாப்பாட்டு நேரத்துக்குள் தணிந்துவிடும் என்றாள்.

மாமா என் அம்மாவின் அண்ணன். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவருடைய சோலி. குதிரையின் பெயர் ராணி. பேத்துப்பாறையில் ஒரு விவசாயியிடம் பூண்டு மூட்டை சுமந்துகொண்டிருந்ததை மாமா வாங்கி வந்து, புதுச் சேணம் போட்டு, நெற்றியில் சிவப்புக் குஞ்சம் கட்டி, பெயருக்கேற்ற மாதிரி வைத்திருந்தார். ராணிக்கோ மூட்டை சுமந்த வீடுதான் பிடித்திருந்தது. எப்போது நினைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு பேத்துப்பாறையில் போய் நிற்கும். உங்கள் குதிரை வந்திருக்கிறது, காரட் தின்றுகொண்டிருக்கிறது என்று அந்த விவசாயி போன் செய்வார். மாமா திட்டிக்கொண்டே போய்க் கூட்டி வருவார்.

ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர் முதுகில் இருக்கும்போதே ராணிக்குப் பழைய வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பெண் ஏரிக்கரையில் சோளக்கதிரோடு காத்திருக்க, மாப்பிள்ளை பேத்துப்பாறைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். அதுவும் சவாரியில் சேர்ந்ததுதான் என்று நினைத்து வழியெல்லாம் போட்டோ எடுத்திருக்கிறார். மாமாவுக்குத்தான் மானம் போய்விட்டது. அன்றைக்கே ராணியைக் கன்னிவாடியில் ஒருவருக்கு விற்பதாகப் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலை வந்து ஓட்டிக்கொண்டு போகலாம். ராணியை விற்கக் கூடாது என்று நான் சாப்பிடாமல் அழுது பார்த்தேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்றார்.

இடையில் ஒரு ஞாயிறு இருந்தது. எங்கள் போதகருக்கு மலையில் பல சபைகள் உண்டு. அவர் வராத வாரங்களில் மூப்பர்கள் முறை வைத்துப் பிரசங்கம் செய்வார்கள். எந்த வாரத்துக்கு எந்த வேதபாடம் என்பது முன்னமே குறித்திருக்கும், மாற்ற முடியாது. அந்த வாரம் மாமாவின் முறை. பாடம் ஓசியா தீர்க்கதரிசி. ஓசியாவின் மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுவாள். அவர் விடாமல் போய் அழைத்து வருவார். தம்மை விட்டு ஓடிய இஸ்ரவேல் ஜனங்களைக் கர்த்தரும் அப்படித்தான் கைவிடாமல் மீட்டுக்கொண்டார் என்பது அதன் பொருள்.

மாமாவின் பிரசங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் கேள்வி கேட்பார், சபை பதில் சொல்ல வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும் கேட்பார். வெரசா வீட்டுக்குப் போக நினைப்பவர்கள் முதல் தடவையே உரக்கச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு மாமாவுக்கு நல்ல ஆவேசம். உடன்படிக்கை என்றால் என்ன, தேவனுடைய வைராக்கியம் என்றால் என்ன என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"இந்த ஜனம் ஓடுச்சு. கர்த்தர் விட்டுட்டாரா?"

"இல்ல" என்றது சபை.

"மறுபடியும் ஓடுச்சு. வேண்டாம்னு தள்ளிட்டாரா?"

"இல்ல."

"எவனாச்சும் ஓட்டிக்கிட்டுப் போகட்டும்னு வித்துட்டாரா?"

சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்பது மாமாவுக்கு உறைத்தது. கன்னிவாடி விஷயம் சபைக்கே தெரியும். எல்லோரும் வேதப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சபை சிரித்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த அத்தை, கோயிலுக்குள் பல்லைக்கூடக் காட்டாதவள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"தேடி வர்றவுகளோட அருமை, ஓடிப்போனவனுக்குத்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். ராணிக்கு அவ்வளவெல்லாம் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை கன்னிவாடிக்காரர் வெள்ளனே வந்துவிட்டார். வைராக்கியக்கார மாமா கொட்டகைக்குள் போய், பளபளப்பாக இருந்த ராணியை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். அத்தைதான் வந்தவருக்குக் காபி கொடுத்து, குதிரையை விற்கவில்லை என்று சொன்னாள். ஓடுகிற குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"ஓடுறதப் போய்ப் போய்க் கூட்டியாந்துதாங்க இந்த வீடே நடக்குது" என்றாள் அத்தை. கொட்டகையில் தேய்க்கும் சத்தம் நின்றது. நான் சந்தோஷத்தில் கொட்டகைக்கு ஓடி ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால், மாமாவுக்கு வைராக்கியம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே இறங்கிவிடுவாராம். அய்யம்பாளையத்தில் பரோட்டாக் கடை, கன்னிவாடியில் தோப்புக் காவல் என்று எங்கேயாவது கிடப்பார். ஒவ்வொரு தடவையும் அத்தை பஸ் பிடித்து இறங்கிப் போய், ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வத்தலக்குண்டு பஸ்ஸின் வயதான கண்டக்டர் அத்தையை எங்கே பார்த்தாலும், "இன்னைக்கு எந்த ஊருக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பக்கத்தில் நிற்கும் மாமா உடனே வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்ப்பார். அம்மா சொல்லும்வரை, அத்தைக்கு ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.