அண்ணன் வயலின் குலைநோய்

நெல்லுக்கு நோய் கொடுப்பது என் வேலை. முடிச்சூர் தாண்டி ஒரு விதைக் கம்பெனியின் சோதனை வயல். ஏழு வருடமாகப் போகிறேன்.

அங்கே ஆராய்ச்சி பார்க்கும் சார், ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டில் எடுத்துத் தருவார். அதில் குலைநோய்ப் பூஞ்சணம். தண்ணீரில் கலந்து நாற்றின் மேல் அடிப்பேன். ஈரச் சாக்கு போட்டு மூடுவேன். பாத்தியைச் சுற்றி வேறொரு ரகம் விதைப்போம். தான் நோய் வாங்கி மற்றதுக்குப் பரப்பத்தான் அது. அதற்கு வேறு பிழைப்பில்லை.

பத்து நாளில் இலையில் கண் போலப் புள்ளி வரும். சார் குனிந்து பார்த்து மார்க் போடுவார். எங்களிடம் பூஜ்யம்தான் நல்ல மார்க். ஒன்பது வாங்கியதைப் பிடுங்கி எரிப்பேன்.

நாற்பத்தேழாம் நம்பர் ரகம் மூன்று வருடமும் பூஜ்யம் வாங்கியது.

மணிமங்கலத்தில் என் அண்ணனுக்கு ஒரு ஏக்கர். சுற்றிலும் மனையாகிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு சம்பா குலைநோயில் போனது.

"இன்னொரு தபா போச்சுன்னா பிளாட்டுக்கு வுட்டுடுவேன்" என்றார். "அப்பால எவன் வூட்டு கேட்டுலயாவது செக்யூரிட்டியா குந்த வேண்டியதுதான்."

மீந்த விதையை எரிக்கச் சொன்னார் சார். நாற்பத்தேழில் இரண்டு கைப்பிடி மடியில் கட்டிக்கொண்டேன்.

"மெய்யாலுமே நோவு வராதாடி?" என்றார் அண்ணன், விதையை வாங்கிக்கொண்டு.

"மூணு வருஷமா நான்தாண்ணா ஊத்துறேன். ஒண்ணும் ஆவல."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"வேலை போவும்."

கோடையில் ஒற்றை ஒற்றையாக நட்டு விதையைப் பெருக்கினார். நோய் வரவில்லை. வெயிலில் குலைநோய் வராது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். பயிரைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்தோம்.

சம்பாவுக்கு ஒரு ஏக்கரும் அதையே நட்டார். கார்த்திகை வரை பச்சை. மனை புரோக்கர் வந்தான்.

"இந்த வருஷமும் இல்லியாண்ணா?"

"போய்யா. வேற வயலா பாரு."

மார்கழிப் பனியில் கதிரின் கழுத்து கறுத்தது. ஒரு வாரத்தில் வயல் முழுக்க வெள்ளை. கதிர்கள் ஒடிந்து தொங்கின. ஒரு மணியை நசுக்கினேன். பால் இல்லை.

அண்ணன் வரப்பில் நின்றார்.

"நெல்லைக் கொல்றதுக்குத்தானே உனுக்கு சம்பளம்? ஓவர்டைம்ல என்னையும் கொன்னுட்டே."

அண்ணி, "வுடுங்க. அஞ்சாங்கிளாஸு படிச்சது. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

நான் நாலு கதிரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டேன். ஏன் போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். மறுநாள் சாரிடம் கொடுத்தேன். அண்ணன் வயல் என்றேன். ரகம் தெரியாது என்றேன்.

ஒரு மாதம் கழித்து சார் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சூப்பர்மா, நீ கொண்டுவந்தது. இது வேற ஜாதிப் பூஞ்சணம். வெளியில அது மாறிக்கிட்டே இருக்கு. நாம மூணு வருஷமா ஒரே பழைய பாட்டிலை ஊத்திட்டிருந்திருக்கோம்."

"அப்ப நாப்பத்தேழு, சார்?"

"அடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். இருந்தாலும் அடித்தேன். சாக்கு போட்டு மூடினேன். பத்தாம் நாள் இலை தெரியாமல் புள்ளி. சார் ஒன்பது போட்டார்.

"நல்லவேளைம்மா. இதை எந்த விவசாயிக்கும் குடுக்கல."

"ஆமா சார்" என்றேன்.

பிடுங்கி எரித்தேன். அந்த வாரம்தான் அண்ணன் வயலில் மனைக்கல் நட்டார்கள். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவுமில்லை.

புதுப் பாட்டில்மேல் சார் மணிமங்கலம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இப்போது எல்லாப் பாத்திக்கும் அதைத்தான் அடிக்கிறேன்.