ஜப்பான்காரிக்குச் சொன்ன சரி

யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லாத ஒரு மனிதர், ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒரு குரலுக்கு மட்டும் தினமும் காலையில் ‘சரி’ சொன்னது ஏன்?

அக்கரப்பத்தனைப் பக்கம் பாடசாலை வேன் ஓட்டும் சண்முகராஜாவைத் தெரிந்தவர்களுக்கு என்றைக்காவது இந்தக் கேள்வி வந்திருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அவருடைய மனைவி அழகம்மைக்கு அந்த வசதி இல்லை.

சண்முகராஜா பேசவே மாட்டார் என்று சொல்லிவிட முடியாது. மழை வருமா என்றால் வரும் என்பார். டயர் தேய்ந்துவிட்டதே என்றால் ஆமாம் என்பார். ஆனால் “நாளைக்கு வந்துருவீங்கல்ல?”, “இதச் செஞ்சு குடுத்துருவீங்கல்ல?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரர்களைத் தலவாக்கலையிலிருந்து ஏற்றி வர முடியுமா என்று கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார். வந்தவர்கள் கோபித்துக்கொண்டு வேறு வண்டி பேசினார்கள். திருவிழாவன்று தவில், நாதஸ்வரத்தோடு இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் கமிட்டி பேசிய மேளக்காரர்கள் இருந்தார்கள். இன்னொன்றில், யாரிடமும் சொல்லாமலே மேளக்காரர்களைத் தேடிப் போன சண்முகராஜா, வழியில் கையை நீட்டிய வேறொரு கோஷ்டியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இதை நற்குணம் என்று சொல்லிவிடுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. கூட இருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான். அப்போது அவர் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அழகம்மையின் அப்பா பொன்னையா கேட்டதற்கு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். பொன்னையா வேறு இடம் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் லொறியை அவர்களுடைய லயத்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல் உள்ளே தலையை நீட்டி, “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அந்த ஒரு சரிய வச்சித்தான் இத்தன வருஷமா குடும்பம் நடத்துறேன்” என்பாள் அழகம்மை. “ரெண்டாவது சரி இன்னும் வரல.”

இரண்டாவது சரி ஜப்பான்காரிக்குப் போய்விட்டது.

அந்த வேன் ஜப்பானில் ஓடிக் களைத்து இலங்கைக்கு வந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் எழும்புவதற்கு முன் டேஷ்போர்ட்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல் பேசும். ஒரே ஒரு வாக்கியம்தான். அறிவிப்புப் போல அதட்டாமல், வாசலில் நின்று ஏதோ கேட்பது போன்ற மரியாதையான குரல். வண்டியை வாங்கிய முதல் நாள் அது பேசியதும் சண்முகராஜா கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டு, “சரிங்கம்மா” என்றார். திடுக்கிட்டுச் சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா தெரியாது. மறுநாளும் சொன்னார். அதற்குப் பிறகு அதைச் சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். காலையில் ஜப்பான் அம்மா பேசி, மாமா “சரிங்கம்மா” சொல்லி முடிக்கும்வரை வேனுக்குள் மூச்சுச் சத்தம் கேட்காது.

“அவ என்ன கேக்குறான்னு தெரியாமலே சரிங்கம்மாவா?” என்று அழகம்மை கேட்பாள். “காணி எழுதிக் குடுன்னு கேட்டா என்ன செய்வீங்க?”

“நம்மகிட்ட ஏது காணி?” என்பார் அவர். இதற்கு மட்டும் பதில் இருந்தது.

அந்த வருடம் மழை பிடித்தபோது முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, வேனின் பாட்டுச் செட்டுக்குள் போய்விட்டது. முதலில் இரைந்தது. பிறகு திரை இருண்டது. பிறகு தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டது: பாலத்துக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம் உண்டு, அதில் சக்கரம் இறங்கினால் பாட்டு வரும், தேயிலைத் தொழிற்சாலை வளைவில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நின்றுவிடும். பிள்ளைகள் பள்ளம் வருவதற்கு முன்பே கை தட்டத் தயாராவார்கள். தெருவிலேயே அந்தப் பள்ளத்தை விரும்பிய வாகனம் அது ஒன்றுதான்.

புரட்டாசியில் ஆட்கள் வந்து, தார் ஊற்றி, பள்ளத்தை மூடிவிட்டார்கள். ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டது. சண்முகராஜாவின் வேனில் பாட்டு நின்றது.

பாட்டு இல்லாவிட்டால் என்ன என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். அந்தப் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியுமாக ஏறும் பிள்ளைகள் பாட்டோடு சேர்ந்து கத்திக்கொண்டு போனால் வயிறு தன்னை மறந்திருக்கும். வேன் அமைதியானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வயிற்றின் நினைவு வந்தது. முதலில் தனுஷன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். அவளைப் பார்த்துப் பின்சீட்டு முழுக்க.

இந்தச் செய்தியெல்லாம் முதலில் அழகம்மையிடம்தான் வரும். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் தாய்மார், கைக்குழந்தையை அவளிடம் கொடுக்கும்போது கூடவே ஒரு முறைப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

“அக்கா, கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் தனுஷனின் அம்மா கோசலா. “டெய்லி சட்டை தொவைக்க முடியலக்கா. மதுசூதனன் வேன்ல புது செட்டு, படமெல்லாம் ஓடுதாம். ஜனவரியிலேருந்து புள்ளய அதுல போடலாம்னு இருக்கோம்.”

“நீ மட்டுமா, எல்லாருமா?”

கோசலா குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். “நாலஞ்சு பேரு பேசிக்கிட்டாங்க. ஆனா எங்க பய மாட்டேங்குறான். அந்த ஜப்பான் அம்மா இருக்குற வேன்லதான் போவேங்குறான். வாந்தி எடுத்துக்கிட்டே சொல்றான்க்கா.”

பிள்ளைகள் இல்லாத பாடசாலை வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேன் போனால் அவர் மறுபடியும் யாருடைய லொறிக்காவது சாரதியாகப் போக வேண்டும்; வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார், அன்றைக்கும் பேச மாட்டார். அழகம்மை அன்று இரவுச் சாப்பாட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“புது செட்டு மாத்திருங்க.”

அவர் கூரையைப் பார்த்தார்.

“கூரையில ஒண்ணும் இல்ல, நான் இங்க இருக்கேன். மாத்திருவீங்கல்ல?”

ஒக்டோபர் போனது. நவம்பர் போனது. அவர் முன்கண்ணாடி ரப்பரை மாற்றினார். சீட்டுகளைக் கழுவினார். ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் ஒரு பொலித்தீன் பையைக் கட்டித் தொங்கவிட்டார். செட்டை மட்டும் தொடவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் பிடிவாதத்துக்கும் நிதானத்துக்கும் இவர் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று அழகம்மை முடிவு செய்தாள். டிசம்பர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, சேலை மாற்றிக்கொண்டு போய் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க?” என்றார்.

“ஹட்டனுக்கு. நீங்க ஓட்டுறீங்களா, இல்ல அவளையே ஓட்டச் சொல்லவா?”

சாவியைத் திருப்பினார். ஜப்பான்காரி பேசினாள். “சரிங்கம்மா” என்றார் அவர். அழகம்மை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹட்டன் கடைவீதியில் பிரதாப்பின் கடை சின்னது. அவனுடைய தாத்தா துணி விற்ற இடத்தில் அவன் வண்டிகளுக்குச் செட்டும் ஸ்பீக்கரும் பூட்டிக்கொண்டிருந்தான். வேனுக்குள் தலையைவிட்டு, டேஷ்போர்ட்டின் முகப்பை நெம்பி எடுத்து, செட்டை வெளியே இழுத்தான். அதைக் கவிழ்த்ததும் துருவும் கொஞ்சம் மண்ணும் கொட்டின.

“உள்ள எறும்பு குடும்பம் நடத்தியிருக்குண்ணே. இது இனிப் பேசாது.”

சண்முகராஜா செட்டைக் கையில் வாங்கினார். ஓரத்தைத் துடைத்தார். பிறகு, அழகம்மை நிமிர்ந்து பார்க்கும்படியாக, அவரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?”

இத்தனை மாதம் செட்டை மாற்றாமல் இழுத்தடித்ததன் காரணம் அழகம்மைக்கு அப்போதுதான் பிடிபட்டது. சிரிக்கலாமா, திட்டலாமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

“எந்தம்மா?” என்றான் பிரதாப். அழகம்மை விஷயத்தைச் சொன்னதும், “ஓ, அதுவா! அது செட்டுல இல்லண்ணே, வேற பொட்டி” என்று ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினான். “ஜப்பான்ல பெரிய பாதையில போகக் காசு கட்டணும். இதுக்குள்ள ஒரு கார்டு போட்டு வச்சா, அதுலேருந்து தானா கட்டிக்கும். கார்டு இல்லன்னா, வண்டி எடுக்கும்போது ஞாபகப்படுத்தும். கார்டு போடல, கார்டு போடலன்னு சொல்லுது. அவ்வளவுதான்.”

அழகம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அடி பாவி! காலங்காத்தால வந்து கார்டு எங்க, கார்டு எங்கன்னு கேட்டுக்கிட்டிருந்திருக்கா. இவரு சரிங்கம்மா, சரிங்கம்மான்னு... எத்தன வருஷம்! வேற பொம்பளயா இருந்தா கதவ ஒடச்சிருப்பா!”

பிரதாப்பும் சிரித்தான். சண்முகராஜா சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். அதன் முகத்தில் மெல்லிய வாய் போல ஒரு பிளவு இருந்தது. கார்டு போடுகிற இடம். விரலால் அதைத் தடவினார்.

“அந்தக் கார்டு எங்க வாங்கலாம்?”

பகிடி, வேடிக்கை என்று நினைத்துப் பிரதாப் அவர் முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை. “ஜப்பான்லதாண்ணே. அப்பிடியே வாங்கிப் போட்டாலும் இங்க ஒண்ணுக்கும் ஆகாது.”

“இங்க கெடைக்கவே கெடைக்காதா?”

“கெடைக்காது.”

“அப்ப கழட்டிருங்க.”

அழகம்மையின் சிரிப்பு நின்றது. பொலித்தீன் பையைப் பிடித்தபடி ஜப்பான் அம்மாவின் வேன்தான் வேண்டும் என்று அடம்பிடித்த தனுஷன் அவள் நினைவில் வந்தான். “ஏங்க, இருந்துட்டுப் போகட்டுமே. என்னமோ வெளையாட்டுக்குச் சொன்னேன். புதுச் செட்டு மதுசூதனன்கிட்டயும் இருக்கு. அவன் வண்டியில இல்லாதது நம்மகிட்ட இவ ஒருத்திதான். இவளும் போயிட்டா புள்ளைங்க நிப்பாங்களா?”

“அக்கா சொல்றது சரிண்ணே” என்றான் பிரதாப். “அது பாட்டுக்கு இருக்கட்டும். இல்லன்னா புதுச் செட்டுல தமிழ்ல வணக்கம் சொல்ற மாதிரிப் போட்டுத் தரவா?”

“வேணாம். கழட்டிருங்க தம்பி.”

ஒரு வயர்தான். பெட்டியை ஒரு பழைய துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். புதுச் செட்டு நன்றாகவே பாடியது. ஹட்டனிலிருந்து வீடுவரை பள்ளத்திலும் பாடியது, மேட்டிலும் பாடியது. அழகம்மைதான் பேசாமல் வந்தாள்.

ஜனவரியில் பாடசாலை தொடங்கிய காலை பனி கொட்டியது. பிள்ளைக் காம்பரா வாசலில்தான் வேன் முதல் பிள்ளைகளை ஏற்றும். அழகம்மை யாரோ ஒருத்தியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழ் வளைவில் மதுசூதனனின் வேன் நீல விளக்குப் போட்டு, தரை அதிரப் பாடிக்கொண்டு நின்றது. கோசலா தனுஷனைக் கையில் பிடித்தபடி இரண்டு வேன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தனுஷன் கையை உதறிக்கொண்டு சண்முகராஜாவின் வேனில் ஏறினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

சாவி திரும்பியது. வழக்கம்போல எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். எஞ்சின் நேராக எழும்பியது.

“மாமா, ஜப்பான் அம்மா எங்க?” என்றாள் முன்சீட்டில் இருந்த ஒரு சிறுமி.

சண்முகராஜா கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தார். கோசலா பாதையில் ஒரு அடி முன்னால் வந்தாள். பிள்ளையை இறக்கத்தான் வருகிறாளோ என்று அழகம்மை இடுப்புக் குழந்தையோடு வேனை நோக்கி நடந்தாள்.

அப்போது பின்சீட்டிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த முழு வாக்கியத்தையும் தனுஷன் சொன்னான். ஓர் எழுத்து பிசகாமல், அதே மரியாதையோடு. வேன் முழுக்க ஒரே குரலில் கத்தியது:

“சரிங்கம்மா!”

கோசலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதுசூதனன்கூடத் தன் பாட்டைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். பிள்ளைகள் அடுத்ததாக மாமா சொல்வார் என்று சண்முகராஜாவைப் பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பாட்டைப் போட்டு, வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் முறை வைத்து ஜப்பான் அம்மாவாக இருக்கிறார்கள். நாளைக்கு யார் என்பதில் சண்டைகூட வருகிறது. வேனிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. அவர் மட்டும் அந்தச் ‘சரிங்கம்மா’வை அதற்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த முதல் நாள் மாலையே அழகம்மை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். “புள்ளைங்க போயிரும்னு நான் அத்தனை சொன்னேன். போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அவ பாட்டுக்குக் கேட்டுட்டுப் போறா, நம்மகிட்ட கார்டு இல்லன்னா இல்ல. அதுக்காக அவளக் கழட்டணுமா?”

சண்முகராஜா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டார். கொடுக்க முடியாத ஒரு கார்டுக்குத் தினமும் சரி சொல்லிவிட்ட மனிதர் அவர் என்பது அழகம்மைக்கு உறைத்தது. பிறகு அடுத்த ரொட்டியைத் தட்டத் தொடங்கினாள்.