குமிழில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி

என் மேசையில் கறுப்பாக ஒரு குமிழ் கிடக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுவோமே, அந்தக் குமிழ். அதன் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதான். எத்தனையோ தடவை உதிர்ந்துவிட்டது. உதிரும்போதெல்லாம் அதே இடத்தில் நானே மறுபடி வைத்திருக்கிறேன். வீடு கூட்டும்போது மருமகள் இதைக் குப்பையோடு தள்ளப் பார்ப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

எனக்குக் காது பாதி போய்விட்டது. போனது மேல்பாதி. குருவி, சைக்கிள் மணி, பேத்தி கூப்பிடுவது, எதுவும் விழுவதில்லை. அடிப்பாதி மட்டும் பிடிவாதமாக மிச்சமிருக்கிறது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் ஆடி மாதம் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்குகிறார்கள். பாட்டு என்னவென்று எனக்குத் தெரியாது, பாடுவது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. பாட்டுக்கு அடியில் ஓடுகிற அந்தக் கனத்த 'தும் தும்' மட்டும் கட்டில் காலில் ஏறி, முதுகுத்தண்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை ஆட்டிவிட்டுப் போகிறது. அலுப்பாக இருக்கிறது. குறையுங்கள் என்று சொல்லி அனுப்பவும் தெம்பில்லை. படுத்தபடியே அண்ணாத்தேயை நினைத்துக்கொள்வேன். இதே அடிச்சத்தத்தை நாலு பேர் காதில் விழவைக்க அந்த மனுஷன் பட்ட பாட்டை வேறு யாரிடம் சொல்வது?

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம். சட்டி பானையோடு ஜனம் மேற்கே வந்தது. அம்பத்தூரில், பூந்தமல்லியில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும், மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். நான் அப்போது ஒரு நாடகக் கம்பெனியில் மைக் செட் போடுகிறவன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு பெட்டியைப் பிரித்தேன், மூடத் தெரியவில்லை, மூடுவதற்காக மற்றதைக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். ராத்திரியில் விளக்குப் போடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் எங்கள் நாடகமெல்லாம் பட்டப்பகலில் நடக்கும். அரிதாரம் வியர்வையில் வழிய ராஜாக்கள் வெயிலில் நின்று கர்ஜிப்பார்கள். எங்கள் முதலாளி சொல்வார்: "கூட்டத்துல பாதி பேரு நாடகம் பாக்க வந்தவன் இல்லப்பா, நம்ம பந்தல் நெழலுக்கு வந்தவன். அவனுக்கும் சேத்துதான் கத்தணும்."

அந்தக் கம்பெனிக்குத்தான் அண்ணாத்தே வந்து சேர்ந்தார். பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் கைகோத்து ஆடுகிற ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவர். அவர் வாத்தியம் பிடில் மாதிரியே இருக்கும், ஆனால் ஆளைவிட உயரம். நிறுத்தி வைத்து, கட்டிப்பிடித்தாற்போல நின்று, கனத்த நரம்புகளை விரலால் இழுத்து வாசிப்பார். நாங்கள் அதைப் பெரிய பிடில் என்போம். ஓட்டலைப் பூட்டிவிட்டார்கள். குடியிருந்த வீட்டையும் சொந்தக்காரர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பெண்டாட்டியையும் பெரிய பிடிலையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணாத்தே மேற்கே வந்தார். வாத்தியத்தை ஜமக்காளத்தில் சுற்றி வைக்கோல் மேல் கிடத்தியிருந்ததால் வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்களாம். குத்தம்பாக்கம் வளைவில் ஒரு பெரியவர் வண்டிக்காரனிடம், "யாரு நைனா தவறிப்போனது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாத்தே வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னும் போவல பெரியவரே, மூச்சு கீது" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார், அண்ணி சிரிக்கமாட்டாள். "நான் அதும்மேல கை வெச்சிகினு குந்திகினு வந்தேன். என்னைப் பாத்துதான் அழுதாங்க" என்பாள்.

ஓட்டல் கூடத்தில் நாலு சுவரும் கூரையும் அந்த வாத்தியத்தின் குரலைத் தாங்கிப் பிடித்திருக்கும். எங்கள் கம்பெனிக்கு இருந்தது ஓலைப்பந்தல். அதில் அண்ணாத்தே வாசித்தது மண்ணில் ஊற்றின தண்ணீர் மாதிரிப் போய்விட்டது. ஆர்மோனியம் கேட்கும், தபேலா கேட்கும். அண்ணாத்தே கை அசைவது மட்டும் தெரியும். என் மைக்கில் வாங்கிக் கொடுத்தாலும் பயனில்லை. எங்களிடம் இருந்தவை தகரக் குழாய் ஸ்பீக்கர்கள். ஆள் குரலை ஊர்க்கோடிவரை எறியும், கனத்த சத்தத்தை வாயிலேயே துப்பிவிடும்.

முதலாளி கெட்டவர் இல்லை. மூன்று வண்டிக்கு மேல் அவரால் பிடிக்க முடியாது, அதில் ஒன்றின் பாதி இடத்தைக் கேட்காத வாத்தியம் அடைத்துக்கொண்டிருந்தது. குத்தம்பாக்கத்தில் தங்கியிருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு இலையிலேயே சொல்லிவிட்டார்: "கோச்சுக்காதப்பா. பூந்தமல்லி நாடகம் வரைக்கும் கூட இரு. அங்கேருந்து காஞ்சிபுரத்துக்குப் போறோம். பெரிய பிடிலை என்னால இஸ்துகினு போவ முடியாது. யாருக்கும் கேக்காத ஒண்ணுக்கு நான் மாட்டுக்குப் புல்லு போடணுமா?" அண்ணாத்தே மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆவடியில் ராணுவத்துக்குக் கொட்டகை போடுகிற வேலைக்குக் கல் சுமக்கவும் மண் சுமக்கவும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். கை கழுவும்போது என் பக்கம் திரும்பி விரல்களை விரித்துக் காட்டினார். "கல்லு தூக்கறது பெரிசில்ல தம்பி. ஆறு மாசம் தூக்குனா இது மண்வெட்டிப் பிடி மாதிரி ஆய்டும். அப்பாலிக்கு சண்டை நின்னு ஓட்டலைத் தெறந்தாலும் நான் வாசல்லதான் நிக்கணும்."

என்னிடம் ஒரு பழைய ரேடியோ இருந்தது. ஊரைவிட்டு ஓடின ஒருவர் தூக்கமுடியாமல் கொடுத்துவிட்டுப் போனது. அதன் வயிற்றைப் பிரித்துப் பெரிய பிடிலுக்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். அதற்குத் தனி பேட்டரி. பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரி எரித்த வாயுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ்களின் ஷெட்டில் கொடுத்து, புகையில் கண் எரியக் காத்திருந்து சார்ஜ் ஏற்றி வருவேன். ஒரு சின்ன மைக்கைக் கிழிந்த துண்டில் சுற்றி, நரம்புகளைத் தாங்குகிற மரக் குதிரையின் காலடியில் செருகினோம். முதலில் நாய் ஊளையிட்டது போல ஒரு சத்தம் வந்தது. பிடிலின் வயிற்றிலிருந்த துளைகளைக் கோணியால் அடைத்ததும் ஊளை நின்றது. ரேடியோவிலிருந்த காகிதக் கூம்பு ஸ்பீக்கரை எதில் பொருத்துவது என்பதுதான் மிச்சம். பலகைப் பெட்டிக்கு மரம் கிடைக்கிற காலமா அது? தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இடுப்பு உயரத்தில் நெல் கொட்டும் மண் குதிர் ஒன்று காலியாக இருந்தது. கேட்டவுடன் கொடுத்துவிட்டாள். குதிர் வாயில் ஸ்பீக்கரைப் பதித்து, சுற்றிலும் களிமண் பூசினோம். எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அண்ணாத்தே நரம்பை இழுத்தார். குதிர் 'பொம்' என்றது. அடுத்த நரம்பை இழுத்தார். அதற்கும் அதே 'பொம்'. எந்தச் சுரத்தைக் கொடுத்தாலும் குதிர் தனக்குப் பிடித்த ஒரே சுரத்தைத்தான் திருப்பிக் கொடுத்தது. போதாததற்கு உள்ளே ஆலங்கட்டி மழை பெய்வது போல ஒரு சடசடப்பு. ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வு போய்விட்டது என்று நான் தலையில் கைவைத்துவிட்டேன். டோன் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன், சத்தத்தைக் குறைத்தேன், வால்வைக் கழற்றித் துடைத்தேன், ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று. வீட்டுக்கார அம்மா களை பறித்துவிட்டு வந்து நின்று கேட்டாள். "அடியில நெல்லு கீதே, வழிச்சீங்களா?" என்றாள். களிமண்ணைப் பெயர்த்துக் கையை விட்டால் அடியில் ஒரு படி நெல். "இத்தினி நேரம் பிசாசு பேசுதுன்னு நெனச்சேன். நீங்க நெல்லு புடைச்சிகினு இருந்தீங்களா?" என்று அண்ணி அன்றைக்கு முழுக்க எங்களை விடவில்லை. குதிருக்குள் வைக்கோல் திணித்த பிறகு அந்த ஒற்றை 'பொம்'மும் அடங்கியது. சுரங்கள் தனித்தனியாக நடந்து வந்தன. அண்ணாத்தே நாலு நரம்பையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். பிறகு வாத்தியத்தின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பூந்தமல்லியில் நாடகம். நான் குமிழைத் தாராளமாகத் திருகி வைத்தேன். கேட்கவில்லை என்றுதானே முதலாளி துரத்துகிறார், கேட்கட்டும். முதல் பாட்டு எடுத்ததும் கூட்டம் மேடையை விட்டுவிட்டு நெல் குதிர்ப் பக்கம் பார்த்தது. முன்வரிசையில் ஒருவன், "இன்னா மாமே, பானைக்குள்ள எருமையைக் கட்டி வெச்சிகீறானுங்க!" என்றான். சிரிப்பு பந்தலைச் சுற்றி வந்தது. ராணி வேஷக்காரர் பல்லைக் கடித்தார். முதலாளி திரைக்குப் பின்னாலிருந்து கையை ஒரு வீச்சு வீசினார். முடிந்தது, மூட்டை கட்டு என்று அதற்கு அர்த்தம்.

இடைவேளையில் அண்ணாத்தே என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, களைப்புதான். "குறைச்சுடு தம்பி" என்றார். எவ்வளவு என்றேன். "எனக்கே கேக்காத மாதிரி." எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்கா அந்தக் குதிர் முழுக்க வைக்கோல் திணித்தோம், இதற்கா புகையில் நின்றேன் என்று கத்தினேன். அவர் சிரித்தார். "நான் வாசிக்கறேன்னு அவனுங்களுக்குத் தெரிய வேணாம்டா. ராணி அழும்போது காலுக்குக் கீழ தரை இருக்கணும். அவ்ளோதான் என் வேலை. ஓட்டல்லயும் அதான் செஞ்சிகினு இருந்தேன்." பிறகு அவரே குமிழைப் பிடித்து மெல்லத் திருகினார். குறைந்து குறைந்து வந்தது. இன்னும் ஒரு மயிரிழை போனால் இல்லை என்று ஆகிவிடுகிற இடத்தில் நிறுத்தினார். சுண்ணாம்பு விரலால் குமிழின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தார். பெட்டியின் முகத்தில் அதற்கு நேராக நான் ஆணியால் ஒரு கோடு கீறினேன்.

இரண்டாம் பாதியில் ராணி பிள்ளையை இழந்து அழுகிற நீண்ட பாட்டு. குதிர்ப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராணி வேஷக்காரர் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. நடுப்பாட்டில் பெரிய பிடிலின் பேட்டரி உயிரை விட்டது. வெயிலில் கிடந்த பேட்டரி, அதற்கும் அலுத்திருக்கும். ஆர்மோனியம் இருக்கிறது, தபேலா இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் ராணியின் குரல் படியில் கால் தப்பினவர் போல ஒரு கணம் தடுமாறியது. பாயில் ஆட்கள் உட்கார்ந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள், ஒரு குழந்தை சிணுங்கியது. முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். "இன்னாத்தைடா நிறுத்துன?" என்றார். அண்ணாத்தேயின் பேட்டரி போய்விட்டது என்றேன். அவர் அண்ணாத்தேயைப் பார்த்தார். அண்ணாத்தே கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டேதான் இருந்தார். முதலாளி மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "வேற பேட்டரி போடு. உம், போடு" என்றார். மாற்று பேட்டரியைப் பூட்டி, புள்ளியைக் கோட்டுக்கு நேராக வைத்தேன். ராணி மறுபடி தரையில் நின்றார்.

காஞ்சிபுரத்துக்குப் பெரிய பிடில் வந்தது. வண்டியில் எந்த இடம் என்று முதலாளி பிறகு பேசவே இல்லை. ஒரு பாராட்டும் சொல்லவில்லை, நோட்டீசில் பேரும் போடவில்லை. அது அண்ணாத்தேக்கு உறைத்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்தப் பகல் முடிந்து பந்தல் காலியான பிறகு நடந்ததுதான். அண்ணி பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவள். புழுதியில் முந்தானையை உதறிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். "இன்னாய்யா, பொம்பளைங்க எல்லாம் அழுதுகினு கீறோம். நடுவுல நீ எங்க போய்ட்ட?" என்று கேட்டாள். அவர் எங்கும் போகவில்லை. பேட்டரி போன கதையை நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "இங்கதான்டி இருந்தேன்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததைப் பெரிய பெரிய வித்துவான்களுக்கு மாலை போடும்போதுகூட நான் பார்த்ததில்லை.

சண்டை ஓய்வதற்கு முன்பே பட்டணம் பழையபடி நிறைந்துவிட்டது. ஓட்டலைத் திறந்தார்கள். விரல் கெடாமல் அண்ணாத்தே திரும்பிப் போனார். ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும், ஒருமுறை வந்து போக வேண்டும் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். கம்பெனி கலைந்தது, கல்யாணம், பிள்ளைகள், அம்பத்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. அவர் தவறிப்போன சேதி, பேட்டரி ஷெட்டுக்காரர் வாய் வழியாக, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. வால்வு கிடைக்காமல் அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதற்கு முன்பே செத்திருந்தது. குமிழை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டேன். நான் கீறின கோடும் பெட்டியோடு போய்விட்டது. இப்போது புள்ளி இருக்கிறது, அது எதற்கு நேராக நிற்க வேண்டும் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று சாயங்காலமும் கோயில் ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது. மேசை அதிர்ந்து குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. விழுவதற்கு முன் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். திடீரென்று கரண்ட் போயிற்று. 'தும் தும்' நின்றது. கேட்க மிச்சமிருந்த ஒன்றும் நின்றுவிட்டதால் வீடு, தெரு, கட்டில் எல்லாம் ஒரு கணம் அடியில்லாமல் தொங்கின. கட்டை விரலால் சுண்ணாம்புப் புள்ளியைத் தடவிக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"நடுவுல எங்க போய்ட்ட, அண்ணாத்தே?"