கண்டி மலை இறக்கத்தில் ஆஞ்சநேயர் காட்டிய மேடு

பிரேக்கை மிதித்தேன். கால் பலகை வரை போயிற்று, கார் நிற்கவில்லை. பின் சீட்டில் என் தங்கை நல்லம்மாள் பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் தேயிலைச் சரிவு, வலப்பக்கம் அதலபாதாளம். அந்தச் சாலையில் ஒரு வளைவுகூட எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை பஜனைக்கு வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் நாமக்கல்லில் வாடகைக் கார் ஓட்டினேன். தங்கை புருஷன் பழனியப்பன் கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. நல்லம்மாளுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதற்குக் கைகால் ஊதிவிட்டது, பயமாயிருக்கிறது என்று அவர் கடுதாசி போட்டார். கப்பலேறிப் போனேன்.

ஆசுபத்திரி மலைக்குக் கீழே டவுனில் இருந்தது. அவசரத்துக்கு ஆகட்டும் என்று டவுனில் ஒரு பழைய காரை வாடகைக்குப் பேசினேன். "எந்தக் கியர்ல ஏறுறீங்களோ, அதே கியர்லதான் இறங்கணும் ஐயா" என்றார் கார்க்காரர். எனக்குச் சுருக்கென்றது. சேலம் ஜில்லாவில் நான் பார்க்காத ரோடா! காரை மலைமேல் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

நம் பக்கத்து டிரைவர்களைத்தான் தெரியுமே. இறக்கம் கண்டால் நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிப்போம். நம் ஊர் இறக்கம் இரண்டு பர்லாங்கில் முடிந்துவிடும். அந்த மலை முடியவே இல்லை. வலி கண்டதும் தங்கையையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, அதே கெட்ட பழக்கத்தில் நியூட்ரலிலேயே இறங்கினேன். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துப் பிரேக் காய்ந்து புகைந்து கைவிட்டது. கியர் போடப் பார்த்தால் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. கைப் பிரேக்கும் பிடிக்கவில்லை.

"ஏனுங்க மச்சான், இந்த ஓட்டம் ஓட்டறீங்க?" என்றார் பழனியப்பன்.

"நான் ஓட்டலீங்க மாப்பிள்ளை, அதுவா ஓடுது!"

நம் நாமக்கல் கோட்டைக்குக் கீழே கூரையில்லாமல் நிற்கிற ஆஞ்சநேயர்தான் கண்முன் வந்தார்.

"அப்பா, இந்தச் சீமைக்கு வழி தெரிஞ்ச சாமி நீ ஒருத்தன்தான்! எனக்கு வழி தெரியல. நீ காட்டு. என்ற திமிருக்கு இவளைக் காவு கேக்காதே!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அடுத்த வளைவு திரும்பினேன். இடப்பக்கம் புல் மூடிய ஒரு தடம், மேலே ஏறிப் போனது. யோசிக்கவில்லை, ஒடித்தேன். கார் குலுங்கிக்கொண்டே ஏறி, வேகம் குறைந்து, நின்றது. மாப்பிள்ளை குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

"நின்னுபோச்சுங்களாண்ணா?" என்றாள் நல்லம்மாள்.

"நின்னுபோச்சு சாமி."

"அப்புறம் ஏனுங்க அழுவறீங்க? பொறப்படுங்க, எனக்கு நேரமில்லீங்க!"

பிரேக் ஆறும்வரை அவளை ஆற்றிவைத்தோம். பிறகு கார்க்காரர் சொன்னபடியே சின்னக் கியரில் ஊர்ந்து இறங்கினேன். அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை.

எனக்குத்தான் மண்டை குடைந்தது. அந்தத் தடம் எங்கே போகிறது? மூன்றாம் நாள் மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை நடந்தே பார்த்தேன். மேலே ஏறுகிற கிளைத்தடம் அது ஒன்றுதான். ரோடு வேலைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். பங்களா கட்ட வெட்டினார்களாம். பங்களாவும் வரவில்லை, அதில் ஒரு வண்டியும் போனதில்லையாம். எப்போது வெட்டியது என்றேன். அவர் சொன்ன கணக்குக்கு, நானும் நல்லம்மாளும் காவிரி மணலில் விளையாடிக்கொண்டிருந்த வயசு!

"தற்செயலுங்க மச்சான்" என்கிறார் பழனியப்பன். இருக்கட்டும். நான் தப்புச் செய்வதற்கு அத்தனை வருஷம் முன்னாலேயே அந்த மேட்டை யார் அங்கே வெட்டி வைத்தது? இன்றைக்கும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் நியூட்ரலில் இறங்கியதில்லை. புது ஊர் என்றால் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை. நீங்களும் கேளுங்கள். கேட்காமல் போய் மாட்டிக்கொண்டால், வெட்கப்படாமல் ஆஞ்சநேயரைக் கூப்பிடுங்கள்.

குழந்தைக்கு ராமாயி என்று பெயர் வைத்தோம். லீவுக்கு வந்திருக்கிறாள். அதோ, மாலை சாத்துவதற்கு முன்பே வடையில் கை வைக்கிறாளே, அவள்தான்.