அண்ணனின் சுத்தியலுக்கு வைத்த தீ

அண்ணன் போன பிறகு அவனுடைய சுத்தியல் என்னிடம் வந்தது. கேலாங்கில் ஒரு தச்சுப் பட்டறையில் முப்பது வருஷம் அவன் கையிலேயே கிடந்தது அது. மரப்பிடியில் கட்டைவிரல் அழுந்தும் இடம் மட்டும் குழிந்து, கறுத்துப் பளபளவென்றிருக்கும். புக்கிட் மேரா வீட்டு ஸ்டோர் ரூமில் போட்டு மூடினேன். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். நேரம் பார்த்து, வேலை விஷயமாகச் சென்னை போய்த் திரும்பிய என்னைத் தொற்றுக் காலம் என்று ஒரு ஹோட்டல் அறையில் அடைத்திருந்தார்கள். சித்தப்பா மகன் வைத்தான். நான் கைப்பேசியில் பார்த்தேன். அவன் கற்பூரத்தைக் கையில் எடுத்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். கைப்பேசியைச் சுவரில் வீசினேன். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

போன மாதம் ஸ்டோர் ரூமைத் திறந்தால் பிடி முழுக்க வெள்ளைப் பூஞ்சை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தோட்டம் போடும் பாய் ஒருவர் வழி சொன்னார். உப்புத்தாளால் தேய்த்து, கேஸ் டார்ச்சால் மேலாகக் கருக்கி, கரியைத் துடைத்து எண்ணெய் பூசினால் ஈரம் ஏறாதாம், கையிலும் வழுக்காதாம். அவர் மண்வெட்டிகளுக்கெல்லாம் அதுதான் வைத்தியம். தீயை ஒரே இடத்தில் நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு இதுகூடத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு தோட்டத்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். மரம் பழுப்பாகி, கறுத்து, ஒழுங்காகத்தான் வந்தது. கட்டைவிரல் குழிக்கு வந்ததும் அந்த இடம் மட்டும் வியர்த்தது. மரத்தில் ஊறிக் கிடந்த எண்ணெய் நுரைத்துப் புகைந்தது. அண்ணன் தினமும் விரல் மூட்டுகளில் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் வாசம். இத்தனை வருஷம் கழித்து அது இருக்க முடியாது. ஆனால் இருந்தது.

என் கை நகரவில்லை. தீ அந்தக் குழியிலேயே நின்றது.

மார்க்கெட்டிலிருந்து வந்த மனைவி பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு வைக்க முடியாத கொள்ளிய இப்ப வைக்கிறீங்களா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

டார்ச்சை அணைத்தேன். குழி இருந்த இடம் கரியாகிப் பொரிந்திருந்தது. அவனுடையதென்று மிச்சமிருந்த ஒன்றையும் நானே எரித்துவிட்டேன்.

"வச்சாச்சுல்ல. திரும்பிப் பாக்காம வாங்க," என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு மேலே போய்த் தலைக்குக் குளித்தேன். சாயங்காலம் பாய் எண்ணெய் பூசிய சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார். அது மறுபடியும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. கதவிடுக்கில் தைல வாசம் வருகிறது. மனைவிக்கு எதுவும் வரவில்லையாம்.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்று லிஃப்ட் கதவு மூடுவதற்குள் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.