அக்காவின் இடது கால்

லீட்ஸ் நகரத்து மருத்துவமனையில் எல்லாரும் என்னை "லவ்" என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்து கொடுப்பவருக்கும் நான் லவ், தரை துடைப்பவருக்கும் லவ். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. எட்டாம் மாதத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டு அங்கே படுக்க வைத்திருந்தார்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் ஹெலன் என்கிற மிட்வைஃப், பிரசவ நர்ஸ், ஒரு சிறு பெட்டியும் இரண்டு துணிப்பட்டைகளும் கொண்டுவந்தார். பட்டைகளைக் கெண்டைக்காலில் சுற்றிக் குழாயைப் பெட்டியில் மாட்டினால் காற்று ஏறிக் காலை அழுத்தும், பிறகு தளரும். படுத்தே கிடக்கிற கர்ப்பிணிகளின் காலில் இரத்தம் தேங்கி உறையாமல் இருக்க இது என்றார். அதற்கு ஊசியும் உண்டாம். ஆனால் போக்கு நிற்காத எனக்கு அதைப் போட முடியாது.

மாட்டுவதற்கு முன்னால், "எனி கிளாட்ஸ்?", இரத்தக் கட்டி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"யெஸ். யெஸ்டர்டே டூ" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. போக்கோடு கட்டியாக விழுந்ததைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மறுபடி நிதானமாகக் கேட்டார்: காலில், லவ். உனக்கோ, உன் குடும்பத்தில் யாருக்காவதோ? ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, பிறகு மூச்சு வாங்கி? இல்லை என்று தலையாட்டத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டேன்.

என் அக்கா செல்வி இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நெய்வேலியில் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அக்கா விரும்பிக் கட்டிக்கொண்ட பாஸ்கர் மாமா கம்மாபுரத்துக்காரர், அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். இந்த வித்தியாசத்தை அம்மா ஒருநாளும் மறந்ததில்லை. ஏழாம் மாதம் அக்காவுக்கும் இரத்தம் பட்டது. எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்ல, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தோம். மாமா தினமும் வந்து பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். இரண்டு வாரம் அக்கா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இடது கால் மட்டும் தொடை வரை வீங்கியது. "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்றார் அம்மா. நான் கல்லூரி லீவில் வந்திருந்தேன். அன்று மாலை அக்கா, "உள்ள இழுத்துப் புடிச்சிக்கினு வலிக்குதுடி" என்றாள். நல்லெண்ணெயைச் சுடவைத்து அந்தக் கெண்டைக்காலை அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டேன். தோல் கொதித்தது. எண்ணெயின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு மூச்சு இழுத்தது. இரவு மூன்றாம் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் மாமா வந்திருந்தார். ஆட்டோ கிடைக்கவில்லை. தன் பைக்கில் அக்காவை உட்காரவைத்தார். நான் அவளுக்குப் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மாமா காலை ஊன்றி வண்டியை மெல்ல இறக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது. வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள்.

"வண்டியில தூக்கித் தூக்கிப் போட்டு எம் பொண்ணக் கொன்னுட்டான்" என்று அம்மா அலறினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மாமாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கதவுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். பிறகு கல்யாணமாகி இந்தக் குளிர் ஊருக்கு வந்துவிட்டேன்.

இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஹெலனிடம் சொன்னேன். அவர் பட்டைகளைக் கீழே வைத்துவிட்டு டாக்டரை அழைத்தார். ஏற்கெனவே இரத்தக் கட்டி இருக்கும் காலில் இதை மாட்டக்கூடாதாம். இரண்டு கால்களையும் ஸ்கேன் செய்து, ஒன்றுமில்லை என்றான பிறகே சுற்றினார்கள். டாக்டரிடம் கேட்டேன்: "தேய்த்தால் கட்டி நகருமா?"

"அப்படிப்பட்ட காலைத் தேய்க்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். தானாகவும் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகும். உங்கள் அக்காவுக்கு நடந்தது அதுதானா என்பதையே இனி யாராலும் சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பட்டைகளோடு கிடந்தேன். இடது பக்கம் காற்று ஏறும்போதெல்லாம் யாரோ என் கெண்டைக்காலைப் பிடிப்பது போலிருக்கும். என் கைகள் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் உள்ளேயிருந்து தெரிந்துகொண்டேன். விடு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. இருவருக்கும் ஒரு குறையுமில்லை. மூன்றாம் நாள் காலையில் முதல் வேலையாக மாமாவுக்கு போன் செய்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"மாமா, வண்டியால இல்ல. கால்ல ரத்தம் கட்டியிருக்கும்ன்றாங்க. நான்தான் அந்தக் காலத் தேச்சேன்."

"நீ தேச்சது தெரியும்மா. அன்னிக்கி ஷிப்டுக்குக் கெளம்பறப்ப சொன்னா, தங்கச்சி தேச்சிவுட்டா, இப்பதான் கொஞ்சம் இதமா இருக்குன்னு. அவ கடைசியா எங்கிட்ட நல்லாப் பேசனது அதுதான். அத வெச்சிக்கினுதான் நான் இருக்கேன். நீயும் அதையே வெச்சிக்க."

உடனே அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா மேல் தப்பில்லை என்றேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "நீ தேச்சேன்னு வேற யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அப்ப மாமா?"

போனில் ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அங்கே மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். "அப்பா வர்ற நேரம், சோறு போடணும்" என்று அம்மா வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே குளிர்காலத்து லீட்ஸில் இன்னும் முழுதாக வெளிச்சம் வரவில்லை. காலை உணவு கொண்டுவந்த பெண் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா வந்துடட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது அவள் சிரித்துத் தலையாட்டி, தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது.